எல்லை தாண்டாத பூ

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இருபத்தைந்து வருடமாகப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திக்கொண்டிருக்கும் நான், ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தொட்டிச் செடியிலிருந்து இரண்டு பூக்களைப் பறித்தேன். ஒன்று சிவப்பு. ஒன்று வெள்ளை.

உள்ளே என் மகன் படுத்திருந்தான். முந்தின நாள் தொழிற்சாலையில் இரும்புத் தகட்டுக் கட்டு சரிந்து அவன் வலது பாதத்தில் விழுந்துவிட்டது. அறுவை செய்தால் பாதம் தேறலாம், தேறாமலும் போகலாம், செய்யாமல் விட்டால் நாள் போகப் போகக் கஷ்டம் என்று டாக்டர் மூன்றையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, கையெழுத்துக்கு ஒரு காகிதத்தை நீட்டினார். அவன் அப்பா வேலை விஷயமாக வடக்கே போயிருந்தார். தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. பத்து நிமிடம் அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தவள் செய்த காரியம்தான் இது. கைப்பையிலிருந்த விடைத்தாள் ஒன்றைக் கிழித்து இரண்டு துண்டாக்கினேன். பூக்களை மடிப்பதற்கு. வாசற்படியில் யாருடைய குழந்தையோ பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அதைக் கூப்பிட வாயெடுத்தபோதுதான் என் கையிலிருந்த பூக்களைச் சரியாகப் பார்த்தேன்.

இரண்டும் ஒரே வகைச் செடி. அதே வட்ட இலை, அதே மயிர் படர்ந்த காம்பு. நிறம் மட்டும்தான் வேறு. முகர்ந்து பார்த்தேன். இரண்டிலும் வாசனை இல்லை.

இந்தப் பூவை எனக்குத் தெரியும். ஒன்பது வயதில், அரை நாள், என் தலையில் இருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அத்தையைச் சொல்ல வேண்டும். என் அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பதினைந்து வயதில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து இடது கால் முறிந்தது. கட்டு வைத்தியர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதன்பின் அத்தை நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சரிந்து நிமிர்வாள். எனக்கு அது நொண்டலாகவே தெரிந்ததில்லை. அத்தை என்றால் அப்படித்தான் நடப்பாள் என்று நினைத்திருந்தேன். பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தெரிந்தது. வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கிற முதல் காரியம், "ஒரு சொம்பு தண்ணி கொண்டாம்மா" என்பதுதான். தாகம் இருந்து கேட்டவர் ஒருவரும் இல்லை என்பது, வைத்த சொம்பு வைத்தபடி திரும்பி வரும்போது எனக்கே தெரியும். இப்படி ஐந்தாறு சொம்பு திரும்பிய பிறகுதான் பெங்களூர்ப் பேச்சு வந்தது.

எங்கள் ஊர் குருபரப்பள்ளிக்குப் பக்கம். மாந்தோப்பும் கொஞ்சம் ராகிக் கொல்லையும் இருந்தன. எங்கள் காயை எடுக்கும் காவேரிப்பட்டினத்து மண்டிக்காரர், தம் மச்சினன் கையைப் பெங்களூரில் ஒரு டாக்டர் மறுபடி ஒடித்து நேராக்கிவிட்டார் என்று அப்பாவிடம் சொன்னார். தங்குவதற்கும் இடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியில், ஒரு சட்டைக்காரம்மா, அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, தன் வீட்டில் அறை விடுகிறாள். சத்திரம் மாதிரி மாடிப்படி ஏற வேண்டாம், சத்தமும் கிடையாது.

அந்த நாளில் பெங்களூர் வேறு ராஜ்யம். எங்கள் வகுப்பில் தொங்கிய வரைபடத்தில் நாங்கள் பச்சை, மைசூர் மஞ்சள். அதனால் நான் வெளிநாடு போகிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். "அங்க காசே வேறயாமே, நீ என்னா பண்ணுவ?" என்று ஒருத்தி மடக்கினாள். "எங்கப்பா மாத்திட்டாரு" என்று அடித்துவிட்டேன். அம்மாவுக்குக் கைக்குழந்தையும் கறவை மாடும். அவள் வர முடியாது. அத்தைக்குத் துணையாக ஒரு பெண்பிள்ளை அறையில் படுக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்னைக் கூட்டிப்போனார்கள். எனக்கென்னவோ என்னைக் கூட்டிப்போவதற்காகத்தான் அவர்கள் இருவரும் வந்தது போலிருந்தது.

அப்பா ஒரு கூடை செந்தூராப் பழம் எடுத்துக்கொண்டார். வாடகைக்கு வீடு என்று மண்டிக்காரர் எவ்வளவு சொல்லியும் அவருக்கு ஏறவில்லை. "ஒருத்தரு வூட்டுக்குப் போறோம், வெறுங்கையோடவா போறது?" என்றார்.

பஸ் சூளகிரி, ஓசூர் எல்லாம் தாண்டி அத்திப்பள்ளிச் சாவடியில் நின்றது. நான் ஜன்னலில் தலையை நீட்டி மண் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. ஒரு போலீஸ்காரர் ஏறி மூட்டைகளைத் தட்டிப் பார்த்தார். தானிய மூட்டை அந்தப் பக்கம் போகக் கூடாதாம். அந்தப் பக்கத்துச் சாராயப் புட்டி இந்தப் பக்கம் வரக் கூடாதாம். எல்லை என்பது ஏதோ ஒன்றைப் போகவிடாமல் பிடுங்கிக்கொள்கிற இடம் என்று நான் புரிந்துகொண்டேன். அந்தப் பாடம் பின்னால் எனக்கு எதிராகவே உதவியது.

வீட்டுக்காரம்மா கவுன் போட்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. எங்கள் தமிழை விட வேகமான ஒரு தமிழ் பேசினாள். ஆணோ பெண்ணோ எல்லாரையும் 'மேன்' என்றாள். மாம்பழக் கூடையைப் பார்த்ததும் திகைத்து, விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, "வேணாம் மேன், வேணாம்" என்றாள். உங்களுக்குத்தான் என்று அப்பா கூடையை நீட்ட, அவள் ஒரு பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாள். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கொண்டுபோன பழத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் அவமானம். கடைசியில் அப்பா அவள் பார்க்காத நேரத்தில் அடுப்படியில் பாதிக் கூடையைக் கொட்டிவிட்டு வந்தார்.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் மணி. காலைச் சாப்பாட்டுக்கு மணி, மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி. குளிக்கும் அறையில் எருமை படுக்கிற அளவுக்கு ஒரு வெள்ளைத் தொட்டி. எங்கள் அறையில் இரண்டு கட்டில்களும் அவற்றின் மேல் சுருக்கமே இல்லாத வெள்ளை விரிப்புகளும் இருந்தன. அத்தை விரிப்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். நாங்கள் இருவரும் கட்டிலுக்குக் கீழே எங்கள் ஜமுக்காளத்தை விரித்துப் படுத்தோம். அப்பா தாழ்வாரத்தில் படுத்தார். காலையில் வீட்டுக்காரம்மா வந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"என்னா மேன் இது? நான் வெளுத்துப் போட்ட ஷீட்ல முள்ளா இருக்குது?"

"இல்லீங்கம்மா," என்றாள் அத்தை. "அழுக்காயிடுமேன்னு."

"அழுக்காவறதுக்குத்தான் ஷீட்!"

அத்தை சிரித்தாள். வீட்டுக்காரம்மாவும் சிரித்துவிட்டாள். அன்று முதல் அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. செடிகளை யாரும் தொடக் கூடாது என்று என்னை இரண்டு தரம் அதட்டிய அதே அம்மா, அத்தையை மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வீட்டைச் சுற்றித் தன் தொட்டிகளையெல்லாம் காட்டினாள்.

அன்று டாக்டரைப் பார்த்தோம். அவர் அத்தையின் காலைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, கன்னடத்தில் அப்பாவுக்குச் சொன்னார். மாட்டுச் சந்தைக்குப் போய்ப் போய் அப்பாவுக்குக் கன்னடம் தெரியும். எலும்பை மறுபடி ஒடித்துக் கூட்ட வேண்டும். மூன்று மாதம் படுக்கை. நேராக வரும் என்றுதான் நம்புகிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு படுக்கை காலியாக இருக்கிறது, நாளைக் காலை பத்து மணிக்குள் சொன்னால் உங்களுக்கு. இவ்வளவையும் அவர் அப்பாவைப் பார்த்தே சொன்னார். அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திறந்திருந்த கதவு வழியே பெண்கள் வார்டு தெரிந்தது. அங்கே ஒரு பெண்ணின் காலைக் கயிற்றில் கட்டித் தூக்கி, மறு நுனியில் மணல் மூட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அத்தை அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பிறகு என்னைப் பார்த்து, மிகச் சாதாரணமாக ஒன்று சொன்னார்.

"சேக்கறதா இருந்தா புள்ள இங்கயே அத்தகூட இருக்கட்டும். லீவுதான. அந்தம்மாகிட்ட சொன்னா இடம் குடுப்பாங்க. நான் வாரத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போறேன்."

அடுத்த வாரம் எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகை. அந்த வருடம்தான் முதல்முறையாக நானும் மாவிளக்குத் தட்டு எடுக்கப்போகிறேன். பச்சைப் பாவாடை தைத்தாயிற்று. தைத்ததும் அத்தைதான். ஊரே பார்க்க, மேளத்துக்குப் பின்னால், தட்டில் விளக்கு அணையாமல் நடக்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கொல்லையில் தாம்பாளத்தை வைத்து நடந்து பழகியிருந்தேன். அதை விட்டுவிட்டு, மணி அடித்தால் சாப்பிட்டு, செடியைத் தொடாமல், மூன்று மாதம். நான் குளிக்கும் அறைக்குள் போய்த் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று எண்ணினேன். கொஞ்ச நேரத்தில் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.

"அழுதியா?" என்றாள் அத்தை.

"கண்ணுல சோப்பு" என்றேன்.

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அப்பா குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். "பூப் போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும், சம்பந்தம் பேசுவதானாலும், உழவு மாடு வாங்குவதானாலும் பூப் போட்டுத்தான் கேட்பார்கள். ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ. ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாகக் கட்டி, குலுக்கி, சாமி முன்னால் போட வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. யாருக்காகக் கேட்கிறோமோ அவர்தான் பூப் பறிக்க வேண்டும். கபடு தெரியாத குழந்தைதான் எடுக்க வேண்டும். ஊரில் இதற்கென்றே எங்கள் தோப்பு முனியப்பன் பக்கத்தில் செவ்வரளியும் வெள்ளரளியும் உண்டு. இரண்டும் ஒரே கனம், ஒரே அளவு. கையால் தடவி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

சாமிக்கு என்ன செய்வது என்று தயங்கியபோது அப்பாவே ஒரு வழி செய்தார். கூடையில் மிச்சமிருந்த செந்தூராப் பழம் ஒன்றை எடுத்துத் துடைத்து, அறையின் நடுவில் வைத்து, திருநீறு பூசினார். "முனியப்பன் தோப்புல காச்சது. அவன் இதுல இருப்பான்" என்றார். அவர் குரல் ஆடியது. அப்பா பயந்து நான் பார்த்ததில்லை. அதனால் அது பயம் என்று தெரியாமல், பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, சரிந்து சரிந்து பின்பக்கம் போனாள். போனவள் வர நேரமாயிற்று. வந்தபோது ஒரு கையில் பேர் தெரியாத சிவப்புப் பூ ஒன்றும், மறு கையில் நாலைந்து மல்லிகையும் இருந்தன. மல்லிகைக் கொடி வாசல் பந்தலில் ஏறியிருந்ததை நானும் பார்த்திருந்தேன்.

அப்பா முகம் சுளித்தார். "ஏம்மா, ஒரே சாதிச் செடியில செகப்பும் வெள்ளையும் இல்லியா?"

"இல்லண்ணா. இருந்தது இதுதான்."

அப்பா பூக்களைச் செய்தித்தாள் துண்டுகளில் மடித்தார். மல்லிகையைக் கூடுதலாகக் காகிதம் சேர்த்துச் சுருட்டி இரண்டையும் ஒரே அளவாக்கினார். துண்டுக்குள் போட்டுக் குலுக்கி, மாம்பழத்துக்கு முன்னால் உருட்டிவிட்டார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே கிடந்தன. அளவைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர் வாசனையைப் பற்றி நினைக்கவில்லை. அரளியில் கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது தோன்றாது.

"கும்பிட்டுட்டு ஒண்ண எடு கண்ணு."

நான் மண்டியிட்டுத் தரையில் நெற்றி படக் கும்பிட்டேன். அப்படிக் குனிந்தபோதுதான் தெரிந்தது. இடது பக்கத்துப் பொட்டலத்திலிருந்து மல்லிகை வந்துகொண்டிருந்தது. உண்மைதானா என்று இன்னொரு முறையும் குனிந்தேன். பக்தியாகக் கும்பிடுகிறேன் என்று அப்பா நினைத்திருப்பார். என் முன்னால் பச்சைப் பாவாடை வந்து நின்றது. மேளம் கேட்டது. நிமிர்ந்தபோது அத்தையின் கண் என் மேலேயே இருந்தது.

வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன்.

அப்பா பிரித்தார். சிவப்பு. அவர் அதை மாம்பழத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு, "முனியப்பன் வேணாங்கறான்" என்றார். அத்தை மெதுவாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். அதை நான் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் முதல்முறையாக என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. ஆனால் அது, மறுபடி பொட்டலத்தை மாற்றி எடுக்கிறேன் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய அருவருப்பு இல்லை.

காலைச் சாப்பாட்டு மேசையில் விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரம்மா ரொட்டி வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பூவ கேட்டே, பழத்த கேட்டே, இந்தப் பொடிசுகிட்ட கேட்டே. அந்தப் பொண்ணு என்னா சொல்லுது மேன்?"

அப்பா பணிவாகச் சொன்னார். "அதுக்கு என்னாங்கம்மா தெரியும்?"

அத்தை அப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எப்படிப் பிடிப்பதென்று தெரியாத கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

அப்பா மட்டும் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஜட்கா பிடித்துக்கொண்டு வந்தார். அவர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். ஒருவேளை அதட்டிய அதட்டலுக்குச் சமாதானமாக இருக்கலாம். முதல்முதலாக அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். சுவர் நெடுகத் தொட்டிகள். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை, மறுபடி சிவப்பு, மறுபடி வெள்ளை. அவள் வெள்ளைப் பூங்கொத்து ஒன்றைக் கிள்ளி என் ரிப்பனில் செருகினாள். "போ மேன், குட் கேர்ள்" என்றாள். குட் கேர்ள் என்றால் எனக்குத் தெரியும். தெரிந்ததால் அழுகை வந்தது.

வாசலுக்கு ஓடிவந்தேன். என்னைப் பார்த்ததும் அத்தை ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு வெயிலாக இருக்கிறதென்று தன் முந்தானையை இழுத்து என் தலையை மூடி, தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஜட்காவில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். நான் செய்ததை அறியாமல் என்மேல் இவ்வளவு பிரியமாக இருக்கிறாளே என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது.

பண்டிகைக்கு மாவிளக்கு எடுத்தேன். விளக்கு அணையவில்லை. ஊரார் மெச்சினார்கள். அத்தை கூட்டத்தில் நின்று பார்த்தாள்.

இரண்டு வருடம் கழித்துப் பர்கூர்ப் பக்கம் மூன்று பிள்ளைகள் உள்ள ஒருவருக்கு அத்தையை இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அவர் தண்ணீர் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவரும் இல்லை. அவர் வீட்டுக்குக் கிணறு தூரம். அந்த மேட்டில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்து, அத்தை முப்பது வருடத்துக்கு மேல் ஏறி இறங்கினாள். நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் குடத்தைப் பிடுங்கி நானே சுமப்பேன். "வாத்தியாரம்மா குடம் தூக்கறா பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரிகளிடம் கேலி செய்வாள். ஒருமுறை கேட்டேன், கால் வலிக்கிறதா என்று. "பழகிப்போச்சு போ" என்றாள். அன்று சொல்லிவிட நினைத்தேன். மல்லிகை வாசனை வந்தது அத்தை, எனக்குத் தெரிந்துதான் எடுத்தேன் என்று. சொல்லவில்லை. போன வருடம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யாரிடமும் சொல்ல முடியாது என்பதும் ஒரு வகையில் பழகிக்கொண்டிருந்தது.

போன மாதம் வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்: ஒரு பாவாடைக்காக ஒருத்தியின் காலை எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அந்த இரண்டு பூக்களையும் கையில் வைத்திருந்தபோதுதான், நாற்பது வருடத்துக்குப் பிறகு, அந்தப் பின்பக்கச் சுவர் கண்ணில் வந்து நின்றது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. அத்தை சிவப்பைப் பறித்த தொட்டிக்குப் பக்கத்துத் தொட்டியிலேயே வெள்ளை இருந்தது. ஒரே சாதி. ஒரே அளவு. வாசனை இல்லை. அதை விட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வாசல் பந்தல் வரைக்கும் போய், மணக்கிற மல்லிகையைக் கொண்டுவந்தாள். அண்ணன் கேட்டபோது இல்லை என்றாள்.

அந்த மணல் மூட்டைக்குப் பயந்து தனக்காகச் செய்தாளா? குழாய்ச் சத்தத்துக்கு மேலே என் அழுகையைக் கேட்டுவிட்டு எனக்காகச் செய்தாளா? இது எனக்கு இனித் தெரியப்போவதில்லை. தனக்காகவென்றால், வாய்விட்டு வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருத்தி, ஒரு குழந்தையின் மூக்கை நம்பி அதைச் சொல்லியிருக்கிறாள். எனக்காகவென்றால், அதை நினைக்கவே எனக்குத் தைரியமில்லை. எதுவானாலும் அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்காக முன்கூட்டியே பயந்த அப்பா கேட்கவில்லை. அவள் மடியிலேயே வளர்ந்த நானும் கேட்கவில்லை. அயல் ராஜ்யத்துக்காரி ஒருத்தி கேட்டாள். அதையும் அப்பாவிடம்தான் கேட்டாள்.

பூக்களைத் தொட்டி மண்ணிலேயே போட்டுவிட்டு உள்ளே போய் மகனிடம் கேட்டேன். டாக்டர் சொன்ன மூன்றையும் மறைக்காமல் சொல்லி, நீ என்னப்பா சொல்கிறாய் என்றேன். இருபத்துமூன்று வயதுப் பையன். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. நீயே சொல்லு" என்றான். கேட்டுவிட்டால் பதில் கிடைத்துவிடும் என்று யார் சொன்னார்கள்? அவன் கையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணல்மாணலாக, என் மாணவர்கள் யாராவது போட்டது போல் விழுந்தது. இப்போது கட்டையை ஊன்றிக்கொண்டு கூடத்தில் நடக்கப் பழகுகிறான். டாக்டர் நேராக வந்துவிடும் என்கிறார். ஒவ்வொரு அடியிலும் அவன் ஒரு பக்கம் சரிந்து நிமிரும்போது நான் அடுக்களைக்குள் போய்விடுகிறேன்.

அன்று பெங்களூரிலிருந்து ஊர் திரும்பிய பஸ்ஸில் அப்பா பின்னால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். நானும் அத்தையும் முன்னால். அத்திப்பள்ளிச் சாவடி கண்ணுக்குத் தெரிந்ததும் அத்தை முந்தானையை விலக்கி, என் காதில் மெதுவாகச் சொன்னாள்.

"இந்த ஊருப் பூவ அந்தப் பக்கம் வுடமாட்டாங்க புள்ள. போலீஸ்காரரு பாத்தா உங்கப்பாவப் பிடிச்சுக்குவாரு. குடுத்துடு."

சாராயப் புட்டியை விடமாட்டார்கள் என்று வரும்போதே தெரிந்துகொண்டிருந்தேன். பூவையும் விடமாட்டார்கள் போலிருக்கிறது. ரிப்பனிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். துளிக்கூட வாடவில்லை. அத்தை பின்னால் திரும்பி, அப்பா பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதை ஜன்னலுக்கு வெளியே விட்டாள். போலீஸ்காரர் ஏறி வந்து கூடையைத் தட்டிப் பார்த்தார். என் தலையையும் பார்த்தார். வெறும் ரிப்பன்தான் இருந்தது. அவர் இறங்கும் வரை நான் மூச்சு விடவில்லை.

அன்று ராத்திரி அம்மாவிடம் நான் பெருமையாகச் சொன்ன கதை அதுதான்: பூ ஒன்று இருந்தது, எல்லையில் அப்பாவைப் பிடித்துவிடாமல் நானும் அத்தையும் சேர்ந்து காப்பாற்றினோம். அம்மா, அங்கெல்லாம் பூவுக்குக்கூட அப்படி ஒரு சட்டமா என்று அதிசயப்பட்டாள். ஆமாம் என்றேன். அத்தை விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று அவளும் தலையாட்டினாள்.